இதுக்கு மனசு இருக்கா டீச்சர்?

இது நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் இப்போதே படியுங்கள், மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். பேச்சு எங்கெங்கோ போய்ச் செயற்கை நுண்ணறிவில் வந்து நின்றது. "டீச்சர், நீங்க ஆயுசு முழுக்க ஒண்ணாப்பு ரெண்டாப்புப் பிள்ளைங்களோட இருந்தவங்க. இந்த சாட்ஜிபிடிக்கு மனசு இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க" என்றார். கேலிக்குக் கேட்கவில்லை. பகலெல்லாம் அதோடுதான் வேலை, சில நேரம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்.

எனக்குக் கணினி தெரியாது. 1977-79ல் ஆசிரியர் பயிற்சி முடித்து, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனாலும் இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு பாத்தியதை உண்டு என்றே நினைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வியை இன்றைய வடிவில் முதலில் கேட்ட மனிதரே, பதிலுக்கு ஒரு குழந்தையையும் ஒரு வாத்தியாரையும்தான் துணைக்குக் கூப்பிட்டார்.

ஆலன் டூரிங். நம் மண்ணோடு தொடர்புள்ளவர் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய அம்மா பிறந்தது கோயம்புத்தூர்ப் பக்கம் போத்தனூரில். அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. பிள்ளை 1912ல் லண்டனில் பிறந்தது. பெற்றோர் இங்கே உத்தியோகத்துக்குத் திரும்பியபோது பிள்ளைகளை அங்கேயே ஓய்வு பெற்ற ராணுவத் தம்பதி வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் வீட்டில் அது வழக்கம்தான். ஆனாலும் படிக்கும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பிள்ளை வளர்ந்து, 1950ல் ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்த தத்துவ இதழின் பெயரே 'மைண்ட்', மனம். இயந்திரம் சிந்திக்குமா என்று தலையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மனிதரையும் ஓர் இயந்திரத்தையும் வைத்து, தட்டச்சில் கேள்வி கேட்டுப் பாருங்கள். எது மனிதர் எது இயந்திரம் என்று கேட்பவரால் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள் என்றார். இன்றைக்கு உலகமே பேசுகிற டூரிங் சோதனை இதுதான்.

அதே கட்டுரையின் கடைசிப் பகுதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பெரியவர் மனசைப் போல ஓர் இயந்திரத்தை நேரடியாகச் செய்வதைவிட, குழந்தை மனசு போன்ற ஒன்றைச் செய்து, அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பெரியதாக்கலாமே என்கிறார். குழந்தையின் மூளை கடையில் புதிதாக வாங்கிய நோட்டு மாதிரி, உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது, வெற்றுத் தாள்தான் நிறைய என்பது அவருடைய எண்ணம்.

எவ்வளவு பெரிய மேதையாக இருக்கட்டும், இந்த இடத்தில் நான் சம்மதிக்கமாட்டேன். ஜூன் மாதம் ஒண்ணாப்பில் வந்து உட்காருகிற பிள்ளை ஒன்றுகூட வெற்று நோட்டாக வந்ததில்லை. அ, ஆ தெரியாமல் வரும். ஆனால் யாரிடம் அழுதால் பலிக்கும், யாரிடம் பலிக்காது என்று முதல் நாளே தெரிந்துகொண்டுவிடும். பக்கத்துப் பிள்ளையின் டப்பாவில் என்ன இருக்கிறது என்று அதற்குக் கவலை. அம்மா வாசலைத் தாண்டிப் போகிற வரைக்கும் கண் அம்மா மேலேயே இருக்கும். எழுத்து பிற்பாடு வருகிறது. அதற்கு முன்பே பசி, பயம், ஆசை, கோபம் எல்லாம் வந்துவிட்டன. நாங்கள் சொல்லிக்கொடுத்த எழுத்து அதன் மேல்தான் ஒட்டியது. பசியோடு இருக்கிற பிள்ளைக்கு எழுத்து ஒட்டாது என்பதால்தானே இந்த நாட்டில் மதிய உணவுத் திட்டமே வந்தது.

டூரிங் சொன்ன சோதனைக்கு வருகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, பதிலைப் பார்த்து முடிவு செய் என்கிறார். நம் பரீட்சையும் அதுதானே? பதில் சரியாக இருந்தால் மதிப்பெண். பதிலை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்கிற கணக்கு ஒன்று உண்டு. ஓர் ஆட்டுக்காரரிடம் 25 செம்மறி, 10 வெள்ளாடு இருக்கின்றன. ஆட்டுக்காரருக்கு வயது என்ன? வகுப்பே கோரஸாக "முப்பத்தஞ்சு டீச்சர்" என்று கத்தும். (பிரான்சில் ஒரு கப்பலையும் அதன் தலைவரையும் வைத்து இதே மாதிரிக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் நிறையப் பேர் கூட்டித்தான் சொன்னார்கள். ஆக நம் பிள்ளைகள் மட்டும் இல்லை.) ஒரு வருஷம், கிடை போடுகிற வீட்டுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னடி என்றேன். "ஆட்டை எண்ணினா ஆளுக்கு எப்படி டீச்சர் வயசு தெரியும்? எங்க அப்பாகிட்ட நாப்பது ஆடு இருக்கு. அவருக்கே அவரு வயசு தெரியாது" என்றாள்.

இதே கணக்கை என் பேரன் போனில் ஏஐயிடம் கேட்டுக் காட்டினான். இந்த விவரத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது என்று அருமையான தமிழில் பதில் வந்தது. முழு மதிப்பெண் போடலாம். டூரிங் சோதனைப்படி அந்தப் பெண்ணும் இதுவும் ஒன்று. ஆனால் அவள் பதில் அவளுடைய அப்பாவின் கிடையிலிருந்து வந்தது. இதனுடைய பதில், இந்த மாதிரிக் கணக்குகளைப் பார்த்து ஏற்கெனவே சிரித்து எழுதிவைத்த ஆயிரம் பேரிடமிருந்து வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று அந்த மாணவர் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். நம் பாஷையில் சொன்னால், கோடிட்ட இடத்தை நிரப்புக. மனிதர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் கொடுத்து, அடுத்த சொல்லை மறைத்து, ஊகிக்கச் சொல்வது. தப்பாக ஊகித்தால் உள்ளே இருக்கிற எண்களைக் கொஞ்சம் திருத்துவது. இப்படிக் கோடி கோடித் தடவை. பிறகு மனிதர்கள் உட்கார்ந்து, இந்தப் பதில் நல்லது, அந்தப் பதில் ஆகாது என்று தரம் போட்டு இன்னும் பழக்குவது.

"அப்போ வெறும் மனப்பாடம்தானேப்பா" என்றேன். அவர் விடவில்லை. "ஒரு துப்பறியும் கதை டீச்சர். கடைசி வரியில 'கொலைகாரன் பெயர்' என்று எழுதிக் கோடு போட்டிருக்கு. கதையே புரியாம அந்தக் கோட்டை எப்படி நிரப்ப முடியும்?" என்றார். நல்ல கேள்வி. இதை மனப்பாடம் என்று ஒதுக்க முடியாது. இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர், 2024ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய ஜெஃப்ரி ஹின்டன், இவை நிஜமாகவே புரிந்துகொள்கின்றன என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். 2022ல் கூகுளில் வேலை பார்த்த பிளேக் லெமோய்ன் என்ற பொறியாளர், தான் பேசிப் பார்த்த நிரலுக்கு உணர்வு இருக்கிறது என்றே பகிரங்கமாகச் சொன்னார். நிறுவனம் மறுத்தது, பிறகு அவரை வேலையை விட்டும் அனுப்பிவிட்டது.

எனக்கு இதில் ஒரு தெளிவு வந்தது நம் ஊர்க் கல்மரத்தை நினைத்தபோது.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் ஒன்றியத்தில் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். போகாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வாருங்கள். 18 மீட்டருக்கு மேல் நீளமான அடிமரம் படுத்துக் கிடக்கிறது. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்று சொல்கிறார்கள். 1940ல் நில இயல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னார். அப்போது இந்தப் பகுதி கடல். கடலில் விழுந்து மண்ணுக்குள் புதைந்த மரத்தில், துளித் துளியாக மரச்சத்து போய், அந்தந்த இடத்தில் கல்சத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. மரத்தின் வரி இருக்கிறது, கணு இருக்கிறது, தொலைவில் நின்று பார்த்தால் மரமேதான். கையை வைத்துப் பார்த்தால் கல். மரத்தின் வடிவம் ஒன்று விடாமல் இருக்கிறது, மரம்தான் இல்லை.

மனிதர் பேச்சின் வரியும் கணுவும் அப்படியே இருக்கிற இன்னொரு கல்மரம் இந்த இயந்திரம் என்று எனக்குத் தோன்றியது. மாணவரிடம் சொன்னேன். "கல்மரம் துளிர்க்காது டீச்சர். இது புதுசு புதுசாத் துளிர்க்குதே" என்றார். அதுவும் உண்மைதான். என் உவமை அந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு மேல் போகவில்லை. ஆகவே அறிவு இருக்கிறதா என்று கேட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன், ஏதோ ஒரு வகை அறிவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் கேட்டது மனசு. தமிழில் இரண்டும் ஒன்றில்லை.

தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆறாவது அறிவு எது என்று இன்றைக்குக் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் பகுத்தறிவு என்பார்கள். தொல்காப்பியர் சொன்னது மனம். அதுவும் முதல் ஐந்தையும் விட்டுவிட்டு அல்ல, அவற்றோடு சேர்த்து. ஏணியின் முதல் படி தொடுஉணர்வு. புல்லும் மரமும் அங்கே நிற்கின்றன. அடுத்தது சுவை. நத்தையும் சிப்பியும் அங்கே. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கல்லாகிக் கிடக்கிறதே, வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களே, அந்தச் சிப்பிகளுக்கும் உயிரோடு இருந்தபோது இரண்டறிவு. பிறகு மோப்பம், பார்வை, செவி. எல்லாவற்றுக்கும் மேலே மனம். நம் இயந்திரம் முதல் படியில் கால் வைக்கவில்லை. அதைத் தொட்டால் அதற்குத் தெரியாது. ஒரு வேப்பங்கன்றுக்கு இருப்பதுகூட அதற்கு இல்லை. ஆனால் ஆறாம் படியில் உட்கார்ந்துகொண்டு மனசைப் பற்றி நமக்கே பாடம் எடுக்கிறது!

உடம்புக்கும் மனசுக்கும் உள்ள ஒட்டுறவைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் உலகுக்கே காட்டினார். கை வெட்டுப்பட்டுப் போனவர்களுக்கு, இல்லாத கையில் வலி எடுக்கும். ஒரு கண்ணாடியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டியதும் சிலருக்கு அந்த வலி குறைந்தது. கை போன பிறகும் மனசு கையை விடவில்லை. இயந்திரத்துக்கோ போவதற்கு ஒரு கையே கிடையாது.

வீட்டில், தெருவில் நாம் பேசுவதைக் கவனியுங்கள். மனசு வரலை. மனசு கேக்கலை. மனசு ஆறலை. மனசு விட்டுப்போச்சு. இதில் எங்காவது கணக்குப் போடுகிற புத்தி வருகிறதா? எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த அம்மா, முட்டை போடுகிற நாளில் தாமதமாக வருகிற ஒரு பையனுக்காக ஒரு முட்டையை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார். அது அவர் வேலை இல்லை. கேட்டால் "மனசு கேக்கலை டீச்சர்" என்பார். ஒன்றைச் செய்யாமல் இருக்க முடியவில்லை, செய்யாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது, அதைத்தான் நாம் மனசு என்கிறோம். தனக்கென்று ஒன்று போகும், தனக்கென்று ஒன்று வலிக்கும் என்கிற உயிருக்குத்தான் அது வரும். இயந்திரம் நல்லதே சொல்லட்டும், சொல்லாமல் விட்டால் அதற்கு என்ன போகிறது?

இரும்பு என்பதால் என்றைக்குமே முடியாது என்று நான் சொல்லவில்லை. நம் மூளையும் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த சதைதான், 8,600 கோடி நரம்பணுக்களின் மின் ஓட்டம்தான் என்கிறார்கள். அதில் மனசு வந்திருக்கிறதே. நாளைக்கு ஒருவர், பசிக்கிற, பயப்படுகிற, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தவிக்கிற ஒன்றைச் செய்துவிட்டால் நான் முதல் ஆளாக யோசிப்பேன். அப்போது அதை அணைத்துவைக்கலாமா என்றும் கேட்கவேண்டி வரும். இன்றைக்கு இதை மாதச் சந்தாவுக்குத் தருகிறார்கள். மனசு உள்ளதை யாராவது விற்பார்களா? விற்றிருக்கிறார்கள், வரலாறு முழுக்க. ஆனால் அப்போதெல்லாம் "இதுகளுக்கு மனசு ஏது" என்று சொல்லித்தான் விற்றார்கள். தொல்காப்பியரே விலங்குகளோடு சேர்த்து 'மாக்கள்' என்று ஒரு கூட்டத்தை ஐந்தறிவில் வைத்தார். அந்தச் சொல்லை யார் யார்மேல் எறிந்தார்கள் என்று பார்த்தால் நம் ஊர்க் கதையும் அதில் வரும்.

அதனால்தான் பேச்சை வைத்து மனசை அளக்கிற சோதனை எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் பேச்சு வராத ஒரு பையன் இருந்தான். கழுத்து நிற்காது, வாய் ஒழுகும். "இதுக்கு ஒண்ணும் புரியாது டீச்சர், ஏன் கஷ்டப்படுறீங்க" என்று படித்தவர்களே சொன்னார்கள். அவன் பக்கத்தில் உட்காருகிற பெண் ஒரு வாரம் காய்ச்சலில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் வாசலையே பார்த்தான். அவள் வந்த அன்றைக்கு, இரண்டு மூன்று தடவை முயன்று, தன் பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டான். டூரிங் சோதனையில் அவனுக்குப் பூஜ்யம். போனுக்கு நூற்றுக்கு நூறு. இப்படி அளக்கிற சோதனையை நான் எந்த வகுப்பிலும் வைக்கமாட்டேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தெருவில் பத்தாவது படிக்கிற ஒரு பெண். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அப்பாயி வீட்டில் வளர்கிறாள். ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஏஐயிடம் தன் கஷ்டத்தையெல்லாம் சொல்கிறாள் என்று அப்பாயி என்னிடம் வந்து புலம்பியது. அவளைக் கேட்டேன். "அது மட்டும்தான் டீச்சர் குறுக்கே பேசாமக் கேக்குது" என்றாள்.

இது புதிதும் இல்லை. 1966ல் அமெரிக்காவில் வைசன்பாம் என்ற பேராசிரியர், சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கிற 'எலைசா' என்ற சின்ன நிரல் ஒன்றை எழுதினார். அது வேலை செய்கிற விதத்தில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்த அவருடைய செயலாளரே, அதனோடு கொஞ்ச நேரம் தட்டச்சில் பேசிவிட்டு, நீங்கள் வெளியே போங்கள், நான் தனியாகப் பேசவேண்டும் என்று அவரிடம் சொன்னாராம். அவர் மிரண்டுபோய், பிறகு வாழ்நாள் முழுக்க இதை எச்சரித்தே எழுதினார்.

நான் அந்தப் பெண்ணிடம் போனைப் பிடுங்கவில்லை. அதற்கு மனசில்லை என்று பாடமும் எடுக்கவில்லை. சாயங்காலம் வா, கணக்குப் போடலாம் என்றேன். வருகிறாள். கணக்கு கால் மணி நேரம், பேச்சு முக்கால் மணி நேரம். முதல் வாரம் ஒரு விஷயம் சொன்னாள். போன வாரம் அதையே வேறு மாதிரிச் சொன்னாள். முன்னே சொன்னது பாதி உண்மைதானாம். "முழுசாச் சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன் டீச்சர்" என்றாள். போனில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அதுகிட்ட அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதுக்கு என்ன" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தாள்.